கோயம்புத்தூரில் என்ன சொன்னார்கள்?

மட்டாஞ்சேரி
9 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை மைமூனுக்கு,

ஸலாம். நானும் உன் மகள் ஆஷிஃபாவும் இங்கே சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது.

பெருநாள் முடிந்து திரும்பியதிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. கண்ணாடி போட்ட பெண்ணைக் கண்ணாடி இல்லாதவளாகக் காட்டி ஒரு கல்யாணத்தை நிச்சயித்தால், அதில் ஏமாந்தது யார்? மாப்பிள்ளை வீட்டாரா, பெண்ணா, சாமர்த்தியமாக முடித்துவிட்டோம் என்று நினைக்கும் நாமா? இத்தனை காலமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

உன் நாத்தனார் அடுக்களை வாசலில் வைத்து ஆஷிஃபாவின் கண்ணாடியைக் கழற்றி ஃப்ரிஜ் மேல் வைத்துவிட்டார். நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பது பவர் உள்ள பெண், கண்ணாடி இல்லாமல், கையில் சாயாத் தட்டோடு. மாப்பிள்ளையின் அத்தாவுக்கு இரண்டு தடவை சாயா கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லை. அதற்கு மாப்பிள்ளையின் அம்மா என்ன சொன்னார்? “பையனை ஏறெடுத்தும் பாக்கல பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!” எல்லோரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். உள்ளே வரும்போது அவள் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அதை யாரும் அடக்கம் என்று சொல்லவில்லை.

இப்போது நிக்காஹுக்கு முன்னால் லேசர் செய்து கண்ணாடியை ஒழித்துவிட வேண்டுமாம். இன்ஸ்டாவில் கண்ணாடியோடு இருந்த படங்களையும் உன் வீட்டுக்காரர் அழிக்கச் சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் நிக்காஹ் முடியும்வரை பையனும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கமாம். உங்களுக்கு நல்ல வசதி.

லேசர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். ஒரு பொய்யை மூட ஒரு பெண்ணின் கண்ணை அறுப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களாமே. அங்கே என்ன சொன்னார்கள்? போன் செய்தால் அவர்தான் எடுக்கிறார். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

உன் அக்கா
ஜொஹரா


புதுநகரம்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நலம். இடுப்பு வலி குனிந்தால்தான். தைலம் போடுகிறேன். உனக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினாயா?

அக்கா, ஒரு சின்ன விஷயம். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். தபால்காரர் கடையில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் வேலைக்குப் போகும் பாலர் பள்ளி விலாசத்துக்கே போடு. கீழே எழுதியிருக்கிறேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கண்ணாடியைக் கழற்றியது நாத்தனார். நான் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். நல்ல இடம் அக்கா. கொல்லங்கோட்டில் சொந்த வீடு. பையன் ஷாஹிர் ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர். சிகரெட் கிடையாது. ஒரே அக்கா, அவளும் பாசமானவள். ஆஷிஃபாவின் பிளவுஸ் அளவு கேட்டு வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். மீலாது முடிந்து நிக்காஹ். மண்டபம் சொல்லியாகிவிட்டது. பிரியாணிக்குப் பாலக்காட்டிலிருந்து ஆள் வருகிறார்.

கண்ணுக்குக் கொச்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறார். அவள் வேலையும் அங்கேதானே, லீவு போட வேண்டாம். எறணாகுளத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதாம், பெயரும் தந்திருக்கிறார். நீ கூட்டிக்கொண்டு போ. நீ போனால் எனக்கு நிம்மதி.

மைமூன்


மட்டாஞ்சேரி
22 ஏப்ரல் 2025

மைமூனுக்கு,

ஸலாம். பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். பிரியாணிக்காரர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து கோயம்புத்தூர் பக்கம். ஊரெல்லாம் கண்ணுக்கு அங்கேதான் போகிறது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, செய்வதற்கு மட்டும் எதற்கு எறணாகுளம்?

ஆஷிஃபாவிடம் கேட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்தார்களாம். கருமணி விரிந்து, வெளிச்சம் பட்டால் கூசி, கையில் இருந்த போன்கூடத் தெரியவில்லையாம். டாக்டர் அத்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அத்தா வெளியே வந்து, “எல்லாம் ஓகே, கொச்சியிலயே பண்ணிக்கலாம்” என்றார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஃபைலை அவள் கண்ணாலேயே பார்க்கவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கண்ணைப் பற்றி அவளைத் தவிர எல்லோரிடமும் பேசியிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் என்ன சொன்னார்கள்? ஒரு வரி போதும்.

ஜொஹரா


புதுநகரம்
14 மே 2025

அக்காவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கணும். பள்ளி விடுமுறை, தபால் எடுக்கப் போக முடியவில்லை. மாம்பழம் அனுப்பினேனே, கிடைத்ததா? அழுகாமல் வந்ததா?

நீ படித்தவள். எதையும் சந்தேகமாகத்தான் பார்ப்பாய். எங்களுக்கு அது முடியாது. நான் ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. நீ சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாய். உன்னைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் சாயா குடித்துவிட்டுப் போனார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் அம்மா அழுததும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கும் ஊரில் உன் பேச்சு வந்தால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? கண்ணாடியால்தான் ஜொஹரா இப்படியே நின்றுவிட்டாள் என்கிறார்கள். என் மகளுக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்று நான் நினைப்பது தப்பா?

அவரும் அதைத்தான் சொல்கிறார். “உங்கக்காவுக்குக் கல்யாணத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்கிறார்.

சாப்பாட்டில் உப்பைக் குறை.

மைமூன்


மட்டாஞ்சேரி
19 மே 2025

மைமூன்,

ஸலாம். மாம்பழம் அழுகாமல் வந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம், நான் வேண்டாம் என்றது. நீங்கள் பழியைக் கண்ணாடி மேல் போட்டீர்கள். நானும் மறுக்கவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று உன் வீட்டுக்காரர் சொல்வது உண்மை. எனக்கு வரும் தபாலை நானே பிரித்துப் படிக்கிறேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவர் பெயர் தந்த ஆஸ்பத்திரிக்கு நேற்று நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் ஒரு பெரிய பலகை, பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு கல்யாணப் பெண். “கண்ணாடியோடு மண்டபம் ஏற வேண்டாம்” என்று மலையாளத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு பெண் குளிர்ந்த தண்ணீர் தந்து விளக்கம் சொன்னாள்.

“நயன்டி எய்ட் பர்சன்ட் சக்சஸ் ஆணு மேடம். பேடிக்கண்ட.” பயப்பட வேண்டாம் என்கிறாள்.

“மிச்சம் ரெண்டு பேருக்கு என்ன ஆச்சு?”

“அங்ஙனெ ஆரும் இல்ல மேடம்.”

“அப்படியானால் நூறு சதவீதம் என்று சொல்லலாமே.”

அவள் தம்ளரை எடுத்துக்கொண்டே, “மேடம் டீச்சராணல்லே?” என்றாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. அந்த எண் எல்லோருக்குமானது. ஆஷிஃபாவின் கருவிழி எத்தனை கனம், அதன் வடிவம் எப்படி என்பது அவளுக்கு மட்டுமானது. அதைக் கோயம்புத்தூரில் பார்த்திருக்கிறார்கள். உனக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். என்ன சொன்னார்கள்?

ஜொஹரா


மட்டாஞ்சேரி
2 ஜூன் 2025

அன்பான அம்மாவுக்கு ஆஷிஃபா எழுதறது.

ஸலாம் அம்மா. போன்ல எப்பவும் அத்தா பக்கத்துல நிக்கறதனால பெரியம்மா கவர்ல வச்சு இதை அனுப்பறேன். எனக்குத் தமிழ் எழுத்து சரியா வராது, மலையாளம்னா ஒரே ஓட்டத்துல எழுதிருவேன். பெரியம்மாகிட்ட கேட்டுக் கேட்டு எழுதறேன். தப்பு இருந்தா அது அவங்க தப்பு.

நீங்க ரெண்டு பேரும் என் கண்ணை வச்சு சண்டை போடறீங்க. ஆருமே எங்கிட்ட கேக்கலை. நானே சொல்றேன்.

எனக்கு லேசர் வேணும். கல்யாணத்துக்காக இல்ல. கொச்சங்காடி ஆபீஸ்ல என் பக்கத்து சீட் இசக்கிசெல்வி போன வருஷம் பண்ணிக்கிட்டா. தென்காசிக்காரி. அவ சொல்றா, “ஏளா, காலைல முழிச்ச ஒடனே மேல ஃபேன் றெக்கை மூணும் தனித்தனியா தெரிஞ்சுது. ஒக்காந்து அழுதுட்டேன் கேட்டியா.” எனக்கும் அப்படி ஒரு நாள் முழிக்கணும். மழையில நடக்கும்போது துடைச்சுத் துடைச்சு மடுத்து, சலிச்சுப் போச்சு. சாயா குடிச்சா ஆவி அடிச்சு லோகமே மறைஞ்சு போகுது.

பெரியம்மா வேண்டாம்னு சொன்னா அது பெரியம்மாவோட அபிப்பிராயம். அத்தா வேணும்னு சொன்னா அது அத்தாவோட மானம். எனக்கு உள்ளதை உள்ளபடி சொன்னா போதும், நான் தீர்மானிச்சுக்கறேன். நான் பி.காம். பாஸ் ஆனவ. ஒரு குடோனோட ஜி.எஸ்.டி. முழுக்க நான்தான் பார்க்கறேன். வெங்கிடாசலம் முதலாளிகூட எங்கிட்ட கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடறாரு.

அம்மா, அன்னிக்கு அந்த ரூம்ல வெள்ளை வெள்ளையா அஞ்சாறு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஆரு ஷாஹிர்? எனக்கு இப்பவும் தெரியாது. அதை நினைச்சா ஒரு நேரம் சிரிப்பு வருது, ஒரு நேரம் ஃப்ரிஜ்ஜை உடைக்கணும் போல வருது.

கோயம்புத்தூர்ல என்ன சொன்னாங்க அம்மா?

ஆஷி


புதுநகரம்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. உங்கள் பங்கு இறைச்சியை உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறேன். இங்கே நல்ல மழை. மட்டாஞ்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர் என்று டிவியில் காட்டினார்கள். உன் வீட்டுக்குள் வரவில்லையே?

ஆஷியின் கடிதம் கிடைத்தது. பள்ளியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்தேன். அவளுக்குத் தனியாக எழுத எனக்குக் கை வரவில்லை. நான் படித்ததாக மட்டும் சொல்லு.

நிக்காஹுக்கு மாப்பிள்ளை வீட்டில் பச்சைக் கரை போட்ட சேலை எடுக்கிறார்களாம். அவளுக்குப் பச்சை பிடிக்குமா? நாத்தனார் கேட்கச் சொன்னார். ஷாஹிர் ஆகஸ்ட் கடைசியில் வருகிறான். அதற்குள் கண் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவர் நாள் குறித்துத் தரச் சொல்கிறார். ஜூலை பதினேழு வியாழன் சரியாக இருக்கும் என்கிறார்.

அவள் கண்ணைக் கசக்குகிறாளா அக்கா? சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. மிளகுக் குடோன் தூசி வேறு. கசக்கவே கூடாது என்று சொல்லு. அரித்தாலும் கசக்கக் கூடாது. கண்டிப்பாகச் சொல்லு.

மைமூன்


மட்டாஞ்சேரி
25 ஜூன் 2025

மைமூன்,

உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு உனக்கு ஸலாம் எழுதக் கை வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஸலாம்.

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கண்ணைக் கசக்குகிறாள். பள்ளிக்கூடம் போகும்போது கசக்கினாள், பரீட்சைக்குப் படிக்கும்போது கசக்கினாள். ஒரு நாளும் நீ ஒன்றும் சொன்னதில்லை. இப்போது எங்கிருந்து வந்தது இந்த “கண்டிப்பாக”? யார் சொன்னது? பிரியாணிக்காரரா?

என் கல்லூரியில் உயிரியல் படித்த ஒருத்தியிடம் கேட்டேன். கருவிழி மெலிந்து, வடிவம் கெட ஆரம்பித்தவர்களுக்குத்தான் டாக்டர்கள் அப்படிச் சொல்வார்களாம். கசக்கக் கசக்க இன்னும் பிதுங்குமாம். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் இருக்கிற கனமும் போய், கண்ணாடி போட்டாலும் சரியாகாத பார்வையில் கொண்டுபோய் விடுமாம்.

இது என் ஊகம்தான். ஊகம் தவறு என்று நீ ஒரு வரி எழுதினால் நான் மன்னிப்புக் கேட்கிறேன். சரி என்றால், கோயம்புத்தூரில் முடியாது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, முடியும் என்று சொல்கிற டாக்டரை உன் வீட்டுக்காரர் ஊர் ஊராகத் தேடுகிறார். நீ பக்கத்தில் நின்று சேலைக் கரையின் நிறம் கேட்கிறாய். அவளுக்குப் பச்சை பிடிக்கும். பச்சை எது, நீலம் எது என்று தெரிகிற கண் இப்போதைக்கு அவளிடம் இருக்கிறது.

உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அவர்மேல் வராத கோபம் உன்மேல் வருகிறது. அவர் எனக்கு யாரோ.

இதையெல்லாம் ஆஷிஃபாவிடம் இன்னும் சொல்லவில்லை. கசக்காதே என்று நீ எழுதியதை மட்டும் சொன்னேன். உறுதியாகத் தெரியாததைச் சொல்லி ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது என் பழக்கம் இல்லை. நீ எழுது. நான் காத்திருக்கிறேன்.

ஜொஹரா


புதுநகரம்
12 ஜூலை 2025

அக்கா,

ஸலாம். நான் சுகம்.

பதினேழாம் தேதி நீயே கூட்டிக்கொண்டு போ. வேறு யாரையும் அனுப்பாதே. டாக்டரிடம் நிறையக் கேள்வி கேள். நீ கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்குக் கேட்க வராது. கேட்டதைச் சொல்லவும் வராது.

எறணாகுளம் என்று அவர் சொன்னபோது, நல்லது, அங்கே அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மைமூன்


மட்டாஞ்சேரி
16 ஜூலை 2025

மைமூன்,

ஸலாம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்குக் கிழிக்க வராது.

ஏப்ரலிலிருந்து நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லாமல் இருந்தது, நான் போய்க் கேட்பேன் என்ற தைரியத்தில்தான் என்று இப்போது புரிகிறது. என் கோபம் பாதிதான் குறைந்திருக்கிறது. மீதி பாதி, என்னைக் கருவியாக வைத்து உன் வேலையை முடித்துக்கொள்கிறாயே என்பதற்காக. “முடியாது என்றார்கள் அக்கா” என்று எழுதியிருந்தால் ஏப்ரலிலிருந்தே அவள் கண்ணைக் கசக்காமலாவது இருந்திருப்பாள்.

இன்று சாயங்காலம் ஆஷிஃபாவை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இது பெரியம்மாவோட கணக்கா, டாக்டர் சொன்னதா?” என்றாள். என் கணக்குத்தான் என்றேன். “அப்ப நாளைக்கு டாக்டர் சொல்லட்டும்” என்றாள். அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. தலையைத் துவட்டிக்கொண்டே இசக்கிசெல்வியிடம் போனில் பேசுகிறாள். சிரிப்பு கேட்கிறது.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால், அவள் கண்ணாடி போட்டிருக்கும்போதே, படத்தைக் காட்டி அவளிடம் பேச வேண்டும். சரி என்றிருக்கிறார்கள்.

நாளை போகிறோம். மீதியைப் போய்விட்டு வந்து இதிலேயே எழுதுகிறேன்.


17 ஜூலை, மாலை

உன் வீட்டுக்காரர் இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்வார். அவர் ஒன்று சொல்வார். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். வருவதாக எங்களிடம் சொல்லவில்லை. கையில் கோயம்புத்தூர் ஃபைல் இல்லை. “வாங்கக்கா. நீங்க எதுக்குச் சிரமப்பட்டு? காலேஜுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இயந்திரங்களில் பார்த்து முடித்ததும் டாக்டர் கூப்பிட்டார். இளம் வயதுப் பெண், மலையாளி. மூன்று பேரும் போனோம். அவர் ஆஷிஃபாவை மட்டும் பார்த்துப் பேசினார். திரையில் இரண்டு கண்ணின் படமும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. கீழ்ப் பக்கம் மட்டும் சிவப்பு.

“மோளே, இது லேசர் செய்யான் பற்றுன்ன கண்ணல்ல” என்றார். கருவிழி மெலிவு, கீழே பிதுங்கத் தொடங்கியிருக்கிறது. இதில் லேசர் எங்கேயும், எப்போதும் செய்துகொள்ளக் கூடாது. இப்போதைக்குக் கண்ணாடி போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், அதிகமானால் நிறுத்துவதற்குச் சிகிச்சை இருக்கிறது. கண்ணைக் கசக்கவே கூடாது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். வாசலில் அந்தப் பலகையை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிதான் இது. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆஷிஃபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு வழியும் இல்லையா?” என்று கேட்டாள். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு, “முன்பு எவிடெயெங்கிலும் காணிச்சிட்டுண்டோ?” என்று, இதற்கு முன் எங்கேயாவது காட்டியிருக்கிறோமா எனக் கேட்டார்.

உன் வீட்டுக்காரர், “இல்லைங்க” என்றார்.

“உண்டு,” என்றாள் ஆஷிஃபா. “கோயம்புத்தூர்ல.”

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். “அப்போ அவரும் இது பறஞ்ஞு காணுமல்லோ.” அவர்களும் இதையே சொல்லியிருப்பார்களே என்றார்.

அவள் திரும்பினாள். “அத்தா, அங்க என்ன சொன்னாங்க?”

“ஒரு டாக்டர் முடியாதும்பார், இன்னொரு டாக்டர் முடியும்பார். அதுக்குத்தானே நாலு இடம் பாக்கறது.”

“முடியாதுன்னு சொன்னாங்களா?”

“உனக்காகத்தாண்டி அலையறேன்.”

“கசக்காதேன்னு சொன்னாங்களா? மறுபடி வந்து காட்டச் சொன்னாங்களா?”

“கல்யாணம் முடியட்டும்னு...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

“கல்யாணத்துக்கு அப்புறம் கண்ணு போனா அது அவங்க பாடு. அதானே அத்தா?”

டாக்டர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று மாதத்தில் உன் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கென்று நான் மனதில் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

வெளியே வராந்தாவில் அவர் என்னிடம் வந்தார். “இப்ப சந்தோஷமா? உங்களை மாதிரியே அவளையும் ஆக்கிப்போட்டீங்க” என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஆஷிஃபா, “பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியுதே அத்தா” என்றாள். அவர் அவளை ஊருக்கு வரச் சொன்னார். “ஆபீஸ் இருக்கு” என்றாள். அவர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்.

அதன் பிறகு அவள் கேட்டாள். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரி திரும்பப் படகுத்துறைக்கு வந்தோம். அங்கே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, “அதான் கசக்காதேன்னு எழுதினாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “ரெண்டு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்” என்றாள். கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அழுதாளா, மழையா, எனக்குத் தெரியாது. கசக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் நின்று, கண்ணாடியோடு தன்னைப் படம் எடுத்தாள். பிளவுஸ் அளவு கேட்ட ஷாஹிரின் அக்காவுக்கு அனுப்பினாள். கூடவே, “இது நான். ஒன்பது பவர். அன்னிக்குக் கழற்றி வச்சாங்க. லேசர் செய்ய முடியாத கண்ணுன்னு இன்னிக்கு டாக்டர் சொன்னாங்க. உங்க வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்க” என்று எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்கவில்லை. அனுப்பிய பிறகுதான் காட்டினாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பதில் வந்தது. அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “எங்கம்மாகிட்ட காட்டினேன். அம்மா கேக்கறாங்க, அப்ப அன்னிக்கு நீ எங்க தம்பியைப் பாக்கவே இல்லையா?”

ஆஷிஃபா நின்றபடியே பதில் அடித்தாள். “இல்லை. பாக்கணும்னா இனி கண்ணாடி போட்டுத்தான் பாப்பேன்.”

இதை எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜொஹரா